பேப்பர், ஆப், யூடியூப், வாட்ஸ்அப்: ஒரு பவர் டேபிள் யூனிட்டிலிருந்து மதிப்புரை

அவசரமாகப் படிக்கிறவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். காலையில் கேட்டுக்குள் விழும் தமிழ் நாளிதழுக்கு ஐந்துக்கு மூன்றரை. அதே நாளிதழின் இ-பேப்பருக்கு நான்கு. போனில் இருக்கும் செய்தி ஆப்புக்கு ஒன்றரை. டிவி சேனல்களின் யூடியூப் நேரலைக்கு மூன்று. தனி ஆட்கள் நடத்தும் யூடியூப் சேனல்களை ஒரே மூட்டையாகக் கட்டி மதிப்பெண் போட முடியாது. வாட்ஸ்அப் நியூஸ் கார்டுக்குப் போடவே மாட்டேன், அதை நான் செய்திக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நான் பத்திரிகைத் துறை ஆள் இல்லை. திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, செக்கிங் முடித்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். எங்களுக்குச் செய்தி என்பது நேரம் போக்கும் விஷயம் இல்லை. நூல் விலை என்ன, நாளைக்குக் கரண்ட் உண்டா, அமெரிக்காவில் வரி ஏறுமா, பீகாரிலிருந்து வந்த பையன்கள் திங்கட்கிழமை வேலைக்கு வருவார்களா, எல்லாமே செய்தியில் இருந்துதான் தெரிகிறது. தப்பான செய்தியை நம்பினால் சனிக்கிழமை சம்பளக் கவரில் அது தெரியும். அதனால் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒரு மிஷின் வாங்குகிற கண்ணோடுதான் பார்க்கிறேன். மிஷின் விற்கிறவர் என்ன சொல்கிறார் என்பது முக்கியமில்லை. ரிப்பேர் ஆனால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் பேப்பர்.

எங்கள் தெருவில் பேப்பர் போடும் தம்பி ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுவான். நான் முதல் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் பக்கத்தில் இருப்பது முந்தின நாள் ராத்திரியே போனில் வந்திருக்கும், இல்லாவிட்டால் அங்கே ஏதாவது ஜவுளிக்கடையின் முழுப்பக்க விளம்பரம் இருக்கும். நேராக உள்ளூர்ப் பக்கங்களுக்குப் போவேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணை மின் நிலையத்தில் எப்போது நிறுத்துகிறார்கள், அதில் எந்தெந்த ஏரியா வருகிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். ஆப்பிலும் இதே செய்தி வருகிறது. ஆனால் அங்கே தலைப்பு ‘நாளை எங்கெல்லாம் மின்தடை? உங்க ஏரியா இருக்கா செக் பண்ணுங்க’ என்று இருக்கும். உள்ளே போனால் மூன்று விளம்பரம், சென்னை, கோவை, மதுரை எல்லாம் தாண்டி எங்கோ கீழே திருப்பூர். சில நாள் அதுவும் இருக்காது. பேப்பரில் இந்த விஷயம் நான்கு வரி, பெட்டி கட்டி, முடிந்தது.

பேப்பரின் பெரிய பலம் என்று நான் நினைப்பது வேறு ஒன்று. அச்சாகிவிட்டால் மாற்ற முடியாது. தப்பாக வந்தால் தப்பு அங்கேயே கிடக்கும். ஒருமுறை மின்தடைப் பட்டியலில் எங்கள் ஏரியாவுக்குப் பதில் பக்கத்து ஏரியா பெயர் வந்துவிட்டது. ஷிஃப்டை மாற்றி வைக்காத எனக்குப் பகல் முழுக்க மிஷின் நின்றது. மறுநாள் அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போட்டிருந்தார்கள், எழுத்து பொடிசு, ஆனாலும் போட்டிருந்தார்கள். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று சொல்லலாம். கடைசிப் பக்கத்தின் அடியில் யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது, ஆசிரியர் யார், எந்த முகவரி என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1867-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தால் வந்த வரி அது. அவன் போட்டது பத்திரிகைக்காரர்களைக் கண்காணிப்பதற்குத்தான், நமக்கு நல்லது செய்ய இல்லை. 2023-இல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். எதற்காக வந்திருந்தாலும் சரி, பிடிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு அந்த வரி அத்தாட்சி.

குறையையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூர்ப் பக்கத்தில் பாதி, யாரோ கொடுத்த பத்திரிகைக் குறிப்பு அப்படியே அச்சாகிறது. அமைச்சர் வந்தார், தொடங்கி வைத்தார், மரக்கன்று நட்டார். தொடர்ந்து விளம்பரம் கொடுக்கிற பெரிய நிறுவனத்தில் ஏதாவது நடந்தால் ‘தனியார் நிறுவனத்தில்’ என்றுதான் வரும், பெயர் வராது. இது எந்த ஒரு பேப்பரின் குணமும் இல்லை, நான் பார்த்தவரை எல்லாமே இப்படித்தான். காசு வாங்கிக்கொண்டு தேர்தல் செய்தி போடுவதைப் பற்றி 2009 தேர்தலுக்குப் பிறகு பத்திரிகைகளைக் கவனிக்கும் பிரஸ் கவுன்சிலே விசாரித்து 2010-இல் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரஸ் கவுன்சிலுக்கும் கண்டிக்கத்தான் அதிகாரம், தண்டிக்க இல்லை. ஆகவே அச்சில் வந்தால் சத்தியம் என்று நம்பும் என் மாமனார் கட்சியில் நான் இல்லை.

சரி, 2023 கதைக்கு வருகிறேன். திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் செய்தியின் நம்பகத்தன்மை என்றால் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் ஒரு வீடியோ சுற்றியது. வடமாநிலத் தொழிலாளர்கள் கும்பலாக நம் ஊர்க்காரர்களைத் துரத்துவது போல. என் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் அது வந்தது. ‘திருப்பூர் கையை விட்டுப் போய்விட்டது’ என்று கீழே எழுத்து வேறு. அது இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நடந்த தகராறு என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. விளக்கம் வருவதற்குள் எங்கள் ஊரில் பேச்சே மாறிவிட்டது. இந்திக்காரப் பையன்களுக்கு வீடு வாடகைக்கு விடுவதைப் பற்றிக்கூடத் தெருவில் கூடிப் பேசினார்கள்.

அது அடங்கும் முன்னே மார்ச் முதல் வாரத்தில் தலைகீழாக ஒன்று கிளம்பியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோ, ட்வீட், செய்தி. என் யூனிட்டில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருக்கும் பையன் ஒருவன் போனைக் கொண்டுவந்து காட்டினான். “தீதி, அம்மா அழறாங்க, உடனே வரச் சொல்றாங்க” என்றான். அவனுக்கு இந்த ஊரில் எதுவும் நடக்கவில்லை என்று அவனுக்கே தெரியும். காலையில் டீ குடித்துவிட்டு, நடந்து வேலைக்கு வந்திருக்கிறான். ஆனால் பீகாரில் தர்பங்காவில் இருக்கும் அவன் அம்மாவுக்கு அவன் சொல்வதைவிட வீடியோ சொல்வதுதான் நிஜம். ‘பயந்துகொண்டு பொய் சொல்கிறான்’ என்று நினைக்கிறார்களாம். இதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, அந்த வீடியோக்கள் பொய் என்று தெளிவாகச் சொன்னார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களிடமே பேசிவிட்டுப் போனார்கள். காயக்கட்டுப் போட்டுக்கொண்டு தொழிலாளர்கள் பேசுவது போன்ற ஒரு வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீஸே சொன்னது. மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் கைதாகி, மதுரை வரைக்கும் கொண்டுவரப்பட்டார்.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, ஆன்லைன் என்றாலே பொய்’ என்று பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பொய்யைப் பரப்பியதாகத் தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டவர்களில் தைனிக் பாஸ்கர் ஆசிரியரும் ஒருவர். இந்தியில் பெரிய நாளிதழ் அது, நேற்று முளைத்த இணையதளம் இல்லை. நிருபர் இருக்கிறார், அலுவலகம் இருக்கிறது, அச்சுக்கூடம் இருக்கிறது. திருப்பூருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதே சமயம் பொய்யை உடைத்ததும் ஆன்லைனில்தான். எங்கள் ஊர்ப் போலீஸ் இந்தியிலேயே விளக்கம் வெளியிட்டது. பொய்ச் செய்தியைச் சரிபார்க்கும் தளங்கள் ஒவ்வொரு வீடியோவும் எங்கே எப்போது எடுத்தது என்று தோண்டி எடுத்துப் போட்டன. அதையெல்லாம் என் பையன்கள் போனில் ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை தமிழ்ப் பேப்பரில் வந்த மறுப்புச் செய்தி தர்பங்காவில் யாருக்கும் எட்டாது.

ஆனாலும் ஆட்கள் போனார்கள். அது ஹோலி சமயம், மார்ச் 8 ஹோலி. ரயில் நிலையத்தில் இருந்த கூட்டம் ஹோலிக்குப் போகும் வழக்கமான கூட்டம்தான் என்று தொழில் சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். பயந்து ஓடும் கூட்டம் என்று இந்திச் சேனல்கள் சொல்லின. என் யூனிட்டைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை. ஹோலிக்கு டிக்கெட் போட்டவன் போனான், போடாதவனும் அன்ரிசர்வ்டில் ஏறினான். எந்தச் செய்தியிலும் இந்த இரண்டையும் சேர்த்து நான் படிக்கவில்லை. சிலர் ஹோலி முடிந்து வந்தார்கள், அந்த ஓவர்லாக் பையன் ஆடி மாதம்தான் வந்தான்.

அடுத்து ஆப். நான் வைத்திருந்த ஆப் பெயரைச் சொல்லப் போவதில்லை, எல்லாம் ஒரே அச்சுதான். இலவசம். இலவசம் என்பதுதான் அதன் நோய். நாம் எத்தனை முறை தட்டுகிறோமோ அத்தனை காசு அவர்களுக்கு, ஆகவே தட்ட வைப்பதுதான் வேலை. தங்கம் விலை காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ‘அதிரடி’, ‘ஷாக்’, ‘இல்லத்தரசிகளுக்குக் குட் நியூஸ்’. ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும், ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’ என்று மாலை நான்கு மணியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே போனால், கனமழை எச்சரிக்கை இருக்கிறது, கலெக்டர் அறிவிக்கலாம், அறிவிப்பு வந்ததும் தெரிவிப்போம். இதற்கு நாலு பத்தி. கேள்விக்குறி போட்டால் பொய் சொன்னதாக ஆகாது, அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதைவிட மோசம், போன வருஷத்துச் செய்தி இந்த வருஷ மழையில் மறுபடி சுற்றுவது. தேதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தேடினால் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று இன்றைய தேதி, உள்ளே விஷயம் பழசு. ஒருமுறை எங்கள் செக்கிங் அக்கா ஒருவர் இதை நம்பிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு, அவரும் லீவு போட்டுவிட்டார். வெயில் அடித்தது அன்று.

எனக்கு ஆப் மேல் உண்மையாகவே கோபம் வந்தது ஒரு தீ விபத்தின்போது. எங்கள் பக்கம் ஒரு வேஸ்ட் குடோனில் தீப்பிடித்துவிட்டது. ‘தொழிலாளர்கள் உள்ளே சிக்கித் தவிப்பு’ என்று நோட்டிஃபிகேஷன். அந்தக் குடோனில் என் யூனிட் அக்கா ஒருவரின் கணவர் லோடுமேன். அந்த அம்மா மிஷினை விட்டு எழுந்து செருப்பில்லாமல் ஓடினார். உள்ளே யாருமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்த குடோன். நாங்கள்தான் அவசர ஆர்டருக்காக வேலை வைத்திருந்தோம். சாயங்காலம் அதே செய்தியைத் திறந்தால் தலைப்பு ‘அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை’ என்று மாறியிருந்தது. காலையில் என்ன போட்டோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. தப்பு நடந்த இடமே துடைத்து வைத்த மாதிரி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதவள் யாரிடம் போய் என்ன சொல்வது? பேப்பர் அன்றைக்கு முழுக்க ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னது, ஆனால் சரியாகச் சொன்னது. எந்த நாளும் பேப்பர் சரி, ஆப் தப்பு என்று நான் சொல்லவில்லை. வேகமாகச் சொன்னால் தப்பு வரத்தான் செய்யும், அதை மன்னிக்கலாம். சத்தமில்லாமல் மாற்றுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

2021-இல் வந்த ஐ.டி. விதிகளின்படி ஆன்லைன் செய்தித் தளங்களும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்தால் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஆப்பில் அந்தப் பெயரைத் தேடினேன். அடியில், அதற்கும் அடியில், பொடி எழுத்தில் ஒரு மெயில் முகவரி இருந்தது. எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது, ராத்திரி பதினொரு மணிக்கு. மனிதர் அனுப்பியது இல்லை என்று சொல்லவே வேண்டாம்.

ஆன்லைனின் நல்ல பக்கத்துக்கு வருகிறேன். அது எனக்கு 2025 ஆகஸ்டில் புரிந்தது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் அமெரிக்காவின் பங்கு பெரியது. நான் நேரடியாக ஏற்றுமதி செய்கிறவள் இல்லை, ஆனால் எனக்குத் துணி கொடுக்கும் கம்பெனிக்கு அமெரிக்க ஆர்டர் நின்றால் என் மிஷினும் நிற்கும். ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி போன் விடாமல் அடித்தது. ‘இந்தியாவுக்கு 50 சதவீத வரி, உடனடி அமல்’. ஒரு கார்டில் ‘இன்று முதல்’, இன்னொன்றில் ‘நாளை முதல்’. யூடியூபில் ஒருவர் ‘திருப்பூர் முடிஞ்சது’ என்று தம்ப்நெயிலில் கண்ணீர் படம் போட்டுவிட்டார். காலைப் பேப்பரில்தான் பிரித்துப் போட்டிருந்தார்கள். முதல் 25 சதவீதம் ஆகஸ்ட் 7-இலிருந்து, கூடுதல் 25 சதவீதம் 21 நாள் கழித்து, அதாவது ஆகஸ்ட் 27-இலிருந்து. பேப்பர் வைத்து ஓரளவு நிம்மதியானேன்.

ஆனால் முழு விஷயம் பேப்பரிலும் இல்லை. கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் ஒருத்தி வெள்ளை மாளிகை இணையதளத்தில் போட்டிருந்த ஆணையையே அனுப்பிவைத்தாள். அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்காவுக்குள் இறக்கிவிட்ட சரக்குக்கு அந்தக் கூடுதல் வரி இல்லை. தூத்துக்குடியில் ஏற்றும் சரக்கு அங்கே போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். ஆகவே ஆகஸ்ட் 26 வரை டைம் இருக்கிறது என்று நினைத்தால் மோசம் போவோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்த லாட்டை அந்த வாரமே முடித்து அனுப்பினால்தான் கதை. முடித்தோம். ராத்திரி பத்து வரை மிஷின் ஓடியது. அதற்குப் பின்னால் வந்த மாதங்கள் எப்படிப் போயின என்பது வேறு கதை, அதைத் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் என்னைப் போல ஒரு ஜாப் ஒர்க்காரிக்கு அமெரிக்க அதிபரின் ஆணை அன்றைக்கே கையில் கிடைக்குமா? செய்தியாளர் எந்த வரியை விட்டார் என்று நாமே பார்க்க முடிகிறது. அடுத்த மாதம் ஜி.எஸ்.டி. மாறியபோதும் இதையே செய்தேன். 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18, செப்டம்பர் 22 முதல். ‘மேலே போனால் எவ்வளவு’ என்று குரூப்பில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் போட்ட குறிப்பைத் திறந்து படித்துவிட்டுத் தூங்கப் போனேன். படிக்க அலுப்பான நடைதான், ஆனால் அதில் ‘அதிரடி’ கிடையாது.

யூடியூப் நேரலையைப் பற்றிச் சுருக்கமாக. டிவியில் ஓடுவதேதான் அங்கேயும் ஓடுகிறது. நல்லது என்னவென்றால், பேட்டி, சட்டசபை, அமைச்சர் பிரஸ் மீட் எல்லாம் வெட்டாமல் முழுசாகக் கிடைக்கிறது. அயர்னிங் டேபிள் பக்கம் போனை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். கெட்டது விவாத நிகழ்ச்சி, அதைச் செய்தி என்று யார் சொன்னது? தனி ஆட்கள் நடத்தும் சேனல்களில் நிஜமாகவே களத்துக்குப் போய், சாயக்கழிவு பற்றி, நொய்யல் பற்றி, பெரிய சேனல் தொடாததைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அறையில் உட்கார்ந்து ஏஐ குரலில் அடுத்தவர் செய்தியை வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றுதான். ‘அந்த இடத்துக்கு நான் போனேன்’ என்று இவர் சொல்கிறாரா, போனது திரையில் தெரிகிறதா? தெரியாவிட்டால் அடுத்த வீடியோ.

நியூஸ் கார்டு. இதை ஒரு தனித் தொழிலாகவே செய்கிறார்கள் போல. புதிய தலைமுறை, தந்தி, சன் நியூஸ் என்று லோகோ, அதே நிறம், அதே எழுத்து, தலைவர் ஒருவர் சொல்லாத வாக்கியம். அசல் சேனல் மேலே சிவப்பில் ‘போலி’ என்று முத்திரை குத்தி மறுபடி வெளியிட வேண்டியிருக்கிறது. குரூப்பில் முதல் கார்டை அனுப்பிய மாமா இரண்டாவது கார்டை அனுப்புவதே இல்லை. கேட்டால் “எனக்கு வந்தது, அனுப்பினேன், அவ்வளவுதானுங்க” என்பார். கொங்கு மரியாதையோடு சொல்வதால் சண்டை போடவும் முடியாது.

சரிபார்க்கும் தளங்களைப் பற்றிக் கேட்பீர்கள். யூடர்ன் போன்றவற்றைப் பார்க்கிறேன், ஆதாரத்தைக் காட்டுகிறார்கள், நாமே போய் ஒப்பிடலாம், அதனால் பிடிக்கும். 2023-இல் தமிழ்நாடு அரசும் ‘தகவல் சரிபார்ப்பகம்’ என்று ஒன்று தொடங்கியது. பழைய வீடியோ, பொய் அறிவிப்பு என்றால் உதவியாகத்தான் இருக்கிறது. அரசைப் பற்றிய புகார் உண்மையா என்று அரசே சொல்வதைத்தான் நான் ஒரு தரப்பாக மட்டும் எடுத்துக்கொள்வேன். மத்திய அரசு தனக்கு அப்படி ஒரு பிரிவு வைத்து, அது பொய் என்றால் தளங்கள் நீக்க வேண்டும் என்ற மாதிரி விதி கொண்டுவந்ததை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நல்லதுதான்.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளமே திறக்காமல் போனது. அவர்களின் டிஜிட்டல் இதழில் வந்த ஒரு கார்ட்டூனுக்காக முழுத் தளமும் முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில் சொன்ன பிறகு, அந்தக் கார்ட்டூனை எடுத்த பின் திரும்பி வந்தது. கேட்டில் விழுந்துவிட்ட பேப்பரை யாரும் வந்து எடுத்துப் போக முடியாது. நான் இன்னும் அச்சுக்குக் காசு கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இ-பேப்பருக்கு ஏன் கூட அரை மதிப்பெண்? அது போனில் வருகிறது, ஆனால் பக்கம் பக்கமாக, அச்சில் இருப்பது அப்படியே வருகிறது. ஆகவே நான் மேலே சொன்ன பேப்பரின் குணம் அதற்கும் உண்டு, பத்து மணிக்கு ஒரு மாதிரியும் பதினொன்றுக்கு ஒரு மாதிரியும் இருக்காது. பழைய தேதியைத் தட்டினால் அன்றைய பக்கம் வரும், நூல் விலை போன வருஷம் இதே மாதம் என்ன என்று பார்த்துவிடலாம். வேறு ஊர்ப் பதிப்பையும் பார்க்கலாம். ஒரே செய்தி கோவைப் பதிப்பில் பெரிதாகவும் சென்னையில் சின்னதாகவும் இருப்பதைப் பார்த்தால் நிறைய புரியும். குறை, எழுத்தைப் பெரிதாக்கி நகர்த்திப் படிக்க விரல் வலிக்கிறது. கணக்கு எழுதும் டேப்லெட் இருந்தால் பரவாயில்லை.

ஆப்பை எடுத்துவிட்டேன். பேப்பர், இ-பேப்பர் இரண்டும் வைத்திருக்கிறேன். பேப்பர் மாமனாருக்கு, இ-பேப்பர் எனக்கு. அவசரத்துக்கு யூடியூப் நேரலை. இ-பேப்பர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் மாதம் சலிசாகக் கொடுத்து, அடுத்த மாதத்திலிருந்து கார்டில் தானாகக் காசு எடுப்பார்கள். சந்தா போடும்போதே ‘தானாகப் புதுப்பிக்க’ என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். வருஷச் சந்தாதான் லாபம், தீபாவளி, பொங்கலுக்குத் தள்ளுபடி வரும், அதுவரை பொறுங்கள். போடும் முன் உங்கள் மாவட்டப் பதிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் சென்னையை மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், சென்னையில் எங்கே கரண்ட் போனால் எனக்கென்ன?